கெட்ட அப்பனுக்கு நாலரை நட்சத்திரம்

"'ஓட்டக்காரி விஜயகலாவின் வாழ்க்கைக் கதையில் அப்பனாக வரும் அந்த மிருகத்தை மறக்கவே முடியாது. நாலரை நட்சத்திரம்!'"

யட்டியாந்தோட்டை பஜாரில் போன் கடை வைத்திருக்கும் ரிப்கான் அந்தப் பட விமர்சனத்தைப் போனில் பார்த்து உரக்க வாசித்தான்.

அந்த மிருகம் எதிரிலேயே நின்றது. பெயர் ஐயாவு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விஜயகலாவைப் பெற்றவர்.

"நான் எப்பப்பா அவ ஓடுற சப்பாத்த ஆத்துல வீசுனேன்? வாங்கிக் குடுத்ததே நான்!"

"படத்துல வீசுறீங்களேண்ணே. தியேட்டரே அழுதுச்சு."

பாவம் மனுஷன். மகள் ஓடப் பழகிய காலத்தில், அட்டை கடிக்காமலிருக்க அவள் காலில் சவர்க்காரம் தேய்த்துவிட்டவர். போனில் கேட்டதற்கு, "டைரக்டருக்கு ஒரு வில்லன் வேணுமாம்பா. நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு..." என்று மகள் இழுத்தாள். கூடவே வளர்ந்த சனம்கூட இப்போது கோயிலில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஐயாவு விமர்சனத்துக்குக் கீழே எழுதச் சொன்னார்: 'நான்தான் அந்த அப்பா. பிள்ளையை அடித்ததே இல்லை.'

'அடிக்கிறவன் எல்லாம் இப்படித்தான் சொல்வான்' என்று நானூறு பேர் பதில் போட்டார்கள்.

"வீடியோ போடுவோம்ணே. மொகத்தப் பாத்தா நம்பிருவாங்க," என்றான் ரிப்கான்.

மறுநாள் வேலை முடிந்த கையோடு ஓடிவந்த ஐயாவு, "எம் புள்ளன்னா எனக்கு உசிரு!" என்று கையை ஓங்கிக் கத்தினார். ஓங்கிய கையில் பால் வெட்டுகிற கத்தி இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

விமர்சகர் அன்றே அரை நட்சத்திரம் கூட்டினார். 'நடிகர் இவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறார்' என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஐயாவு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மகளுக்கே மனசு கேட்கவில்லை. "ஞாயித்துக்கெழம டீவியில வந்து உண்மையச் சொல்லிர்றேம்பா," என்றாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே! தோட்டத்து மைதானத்தில் பக்கத்து வீட்டுத் தெரேசம்மா நின்றாள். தன் மகள் ஓட்டம் என்று வாயைத் திறந்தாலே விளக்குமாறைத் தூக்குகிற அவள் புருஷன் லோரன்ஸ், வியர்க்க விறுவிறுக்க அந்த மகளோடேயே ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் இன்னும் ஏழு அப்பன்கள், ஏழு மகள்கள். சந்தோஷத்தில் ஐயாவு அதையெல்லாம் யோசிக்கவில்லை.

"தெரேசம்மா, ஞாயித்துக்கெழமையோட எம் பேரு நல்லாயிரும்!"

அவள் பதறிப்போய்க் கும்பிட்டாள்.

"ஐயோ வேணாம்ணே! ஒங்களாட்டம் பேரு வாங்கிரக் கூடாதுன்னுதான் எல்லா மனுசனும் மகள ஓட வுடுது. மாகாணப் போட்டி முடியிற வரைக்குமாவது கொஞ்சம் கெட்டவராவே இருங்களேன்!"