முதல் வகுப்பில் தேறிய வாய்

அந்தப் பரீட்சை விதியை எழுதியவர் யாரோ, அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. ஆகியிருந்தால் குடும்பஸ்தன் ஒருவன் தலையில் இப்படிக் கல்லைப் போட மனசு வந்திருக்குமா?

குணசேகரன் பழைய இரும்பு வியாபாரி. ஏலங்களில் அடிபட்டு மிதிபட்டுப் பேரம் கற்றவர். சிக்கந்தராபாத்தில் அவர் வாயை ஜெயித்த ஆள் கிடையாது, வீட்டுக்குள்ளே தவிர. மனைவி விஜயகுமாரிக்கு இப்போது குடியிருக்கும் அல்வாலை விட்டு, மகளின் பள்ளிக்கூடம் இருக்கிற மாரெட்பள்ளிக்குக் குடிபோக வேண்டும். அவருக்கோ அல்வால் வீட்டுக் கொல்லைதான் இரும்புக் கிடங்கு. ஈரான்-ஈராக் சண்டை ஓயட்டும் என்று தள்ளிப்போட்டார். அந்தச் சண்டைக்கும் நம் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டபோது முழித்தார்.

பதில் தேடித்தான், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றிருந்த பல்கலைக்கழக மாலை வகுப்பில் சேர்ந்தார். மூன்றே மாதம். உலக நடப்பு, அலசி ஆராயும் திறமை, கடைசியில் சர்டிபிகேட். அதைச் சுவரில் மாட்டிவிட்டால் எவள் எதிர்த்துப் பேசுவாள்? பேரம் பேசி மனைவியையும் இலவசமாக உட்காரவைத்தார்.

கடைசி நாள் வாதப் பரீட்சை. சொந்த விஷயத்தை எடுக்கலாம். ஆனால் தன் கருத்துக்கு நேர் எதிர்க்கட்சி பேச வேண்டும். அதுதான் விதி.

"வீடு மாறுறதையே எடுங்களேன். உங்களுக்கு அத்துப்படியாச்சே" என்றாள் விஜயகுமாரி, வெற்றிலை மடித்துக்கொண்டே.

அரைமனசாக ஆரம்பித்தார். பேராசிரியர் கொட்டாவி விட்டார். எதிராளி கொட்டாவி விட்டால் குணசேகரனுக்குப் பொறுக்காது. சட்டைக் கையை மடித்தார். சண்டையால் பெட்ரோல் விலை ஏறும், ஆட்டோக்காரன் வாடகையை ஏற்றுவான், இந்த நிலைமையில் பள்ளிக்கூடத்துக்குத் தூரத்தில் குடியிருப்பவன் மடையன் என்று மேஜையைக் குத்தினார். குறுக்கே கேட்ட பேராசிரியரை, "நக்கோ சார், குறுக்கே வேணாம், முழுசாக் கேளுங்க" என்று அடக்கினார். கைதட்டல் அடங்கவே இல்லை. முதல் வகுப்பு!

சர்டிபிகேட்டோடு மேடை இறங்கியவர் எதிரே, கடைசி வரிசையிலிருந்து ஒருவர் வந்து நின்றார். மாரெட்பள்ளி வீட்டுக்காரர் சீதாராமன்.

"உங்க வீட்டம்மா வரச் சொன்னாங்க. நீங்க சம்மதிப்பீங்களான்னு சந்தேகமா இருந்தது. இப்ப இல்ல" என்று சாவியை நீட்டினார்.

"ஏய், அது பரீட்சைக்குப் பேசினதுடி" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப மனசாரப் பேசலைன்னு சொல்லி அந்த சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

குணசேகரன் சர்டிபிகேட்டைப் பார்த்தார். நாலாங்கிளாஸைத் தாண்டாத அவர் பெயர், தங்க எழுத்தில். சாவியை வாங்கிக்கொண்டார்.

இதோ, வாசலில் லாரி நிற்கிறது. புது வீடு மூன்றாவது மாடி. அந்த விதியை எழுதிய புண்ணியவான் எங்கிருந்தாலும் உடனே வந்து பீரோவின் ஒரு முனையையாவது பிடிக்கட்டும்.