அண்ணனுக்குப் பயந்து வாங்கிய ரிவால்வர்

நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பயந்துபோய் நான் செய்த காரியத்துக்குத்தான் வெட்கம்.

பரளச்சிப் பக்கம் எனக்கும் அண்ணனுக்கும் அடுத்தடுத்த புஞ்சை. நடுவரப்பில் தானாக முளைத்துக் கிடந்த வேலிக்கருவையை அவரைக் கேட்காமலே வெட்டி நான் கரிமூட்டம் போட்டுவிட்டேன். அண்ணன் கையில் அரிவாளோடு வந்து, "இன்னொரு தடவ வரப்புல கால வச்ச, காலு இருக்காதுலே!" என்று கத்தினார். (அரிவாள் ஆட்டுக்குக் குழை ஒடிக்கக் கொண்டுவந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.) அன்றோடு பேச்சு நின்றது. நான் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டேன்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் மதுரைக் கடைக்குப் போனேன். "சின்னதா இருக்கணும், சட்டைக்குள்ள தெரியக் கூடாது. ஆனா குறி தப்பக் கூடாது" என்றேன்.

"எதச் சுடப் போறீக?"

"காட்டுப்பன்னி."

"பன்னிக்குத் தெரியாம மறைச்சு வேற கொண்டு போகணுமாக்கும்?" என்றார் கடைக்காரர்.

ஆனாலும் பொறுமையாக எடுத்துக் காட்டினார். குழல் நீளமாக இருந்தால் குறி நன்றாக அமையும், உட்கார்ந்தால் தொடையில் குத்தும். குட்டையாக இருந்தால் மறையும், குறிக்கு உத்தரவாதமில்லை. நான் கண்ணாடி முன்னால் குனிந்து, நிமிர்ந்து, சம்மணம் போட்டு அரை நாள் அவர் உயிரை வாங்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பைக்குள் அது அளவெடுத்தது போல உட்கார்ந்தது. குண்டு மட்டும் போடவே இல்லை. வெடித்துத் தொலைத்தால்?

எட்டு மாதம் இப்படிச் சுமந்தேன். ஒருநாள் காலை அருப்புக்கோட்டையில் மிளகாய் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணன் புஞ்சையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். பஸ் ஏறி ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்றே நினைவில்லை. பந்தலில் கிடத்தியிருந்தார்கள். சண்டைக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடாத அண்ணனை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டு அழுதேன்.

நீர்மாலைக்கு நேரமானது. பங்காளிகள் வெறும் உடம்போடு போய்க் குளித்து, ஈர வேட்டியோடு அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

"ஏலே, தம்பிக்காரன் நீதேன் முன்னால வரணும். சட்டையக் கழட்டு!" என்றார் பெரியப்பா மகன்.

"இருக்கட்டும்ணே, இப்படியே குளிக்கிறேன்."

"கிறுக்குப் பயலா நீ?" என்று அவரே சட்டையை உருவி, பெல்ட்டையும் பிடித்து இழுத்தார். ரிவால்வர் அண்ணனின் கால்மாட்டில் 'ணங்' என்று விழுந்தது. ஒப்பாரி அப்படியே நின்றுபோனது.

மதினி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எதுக்குன்னு அவுகளுக்குத் தெரியும் கொழுந்தனாரே. ஸ்டேஷன்லருந்து விசாரிக்க வந்தப்ப, 'பாவம், எனக்குப் பயந்துதேன் கேக்குறான், குடுங்க சார்'னு சொன்னதே அவுகதேன். சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாக. அன்னைக்கு முச்சூடும் சோறு திங்கல."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஈர வேட்டியோடு குடத்தைச் சுமந்து வந்தபோது எனக்கு வழியே தெரியவில்லை, யாரோ தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். காரியம் முடிந்ததும் ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டுப் பந்தியில் நான் எதைக் கேட்டாலும் அண்ணன் மகள், "பயந்துதேன் கேக்குறாரு, குடுங்க சார்!" என்பாள். பந்தியே சிரிக்கும். மதினியும் சிரிப்பார். அதைச் சொல்லும்போது மகளுக்கு அச்சு அசலாக அண்ணன் குரல் வரும். அதற்காகவே, வயிறு முட்டத் தின்ற பிறகும், கொஞ்சம் ரசம் கேட்பேன்.