கூரைமேல் டயர்

சூறைநாடு என்றொரு தேசம். ஓட்டுப் போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் நூதனமான நாடு. அங்கே ராஜாவுக்கு அடுத்தபடி அதிகாரம் ஆடிக்காற்றுக்குத்தான். அதனால் ஏழை எளியவர்கள் தகரக் கூரைமேல் பழைய டயரைப் பாரமாகப் போட்டு வைப்பார்கள். வடிவாம்பாளின் இட்லிக் கடைக்கூரையில் ஒரு பெரிய லாரி டயர் கிடந்தது. யாரும் தூக்கிவிடக் கூடாதென்று பச்சை பெயிண்டில் 'வடிவு' என்று எழுதியிருந்தாள்.

ராஜாவுக்குத் திடீரென்று சுற்றுச்சூழல் ஞானம் பிறந்தது. பழைய டயரெல்லாம் மறுசுழற்சிக்காக அரசுக்கே சொந்தம் என்று தண்டோரா போட்டு அள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஐயா, காத்தடிச்சா கூரை பறந்துடுமே! எங்களுக்குச் சோறு போடுற கடைங்க!" என்று பதறினாள் வடிவாம்பாள்.

டயர்த்துறை அமைச்சர் கனகதண்டியார் புன்னகைத்தார். "அம்மணி, அது எதிர்க்கட்சியினர் கிளப்பிவிடும் காற்று."

அந்த வாரமே இரண்டு கூரைகள் பறந்தன. அரசு சும்மா இருக்குமா? அனுமதியின்றிக் கூரைகள் பறக்கக் கூடாது என்று தடை விதித்தது. அதற்கும் காற்று அடங்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் கூரைமேல் உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது.

வடிவாம்பாளின் புருஷன் மருதப்பன் ஏறி உட்கார்ந்தான். ஒல்லிப்பிச்சான். எடை போதாதென்று அம்மிக்குழவியையும் மடியில் வைத்துக்கொண்டான். கடையில் சட்னி நின்றுபோனது. வெறும் இட்லியை எவன் தின்பான்? கூட்டம் குறைந்தது. கூரைகளின் மேல் மட்டும் ஒரே கும்மாளம். ஒரு கல்யாணம்கூட அங்கேயே நிச்சயமானது.

அரண்மனை மைதானத்தில் டயர் மலையாகக் குவிந்து கிடந்தது. மறுசுழற்சி இயந்திரம் வாங்க மறந்துவிட்டிருந்தார்கள். டயரை என்ன செய்யலாமென்று ஆராய நிபுணர் குழு கிளம்பியது. கூரைகளில் மனிதர்களைக் கண்டு வியந்து அறிக்கை கொடுத்தது: 'மனிதருக்குப் பதிலாக டயரை வைக்கலாம்.'

"உலகிலேயே முதல்முறை!" என்று கனகதண்டியார் கண்கலங்கினார்.

மேளதாளத்தோடு விழா நடந்தது. முதல் பயனாளி வடிவாம்பாள். ராஜா படம் ஒட்டிய டயரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பச்சை பெயிண்டில் அவள் பெயர்! சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன் அம்மணி சிரிக்கிறீர்கள்?" என்றார் கனகதண்டியார்.

"சந்தோஷங்கய்யா! காணாமப்போன புள்ளைய, எடுத்துட்டுப் போனவரே கொண்டாந்து கொடுத்தாப்ல இருக்கு!"

உருட்டிக்கொண்டே வீடு வந்தாள். மருதப்பன் கூரையிலிருந்து குனிந்து வாங்கினான்.

"படம் மேலயா, கீழயா?"

"மேல பாத்தாப்லயே வையி. இனிமே காத்து, மழ, காக்கா எல்லாத்துக்கும் அவரே பதில் சொல்லட்டும். நீ குழவியோட எறங்கு, சட்னி அரைக்கணும்."