லிஃப்ட் கதவில் மந்திரியின் முகம்

செந்தூல்,
புதன்கிழமை

மாண்புமிகு அமைச்சர் டத்தோ கார்த்திகேசு அவர்களின் சமூகத்துக்கு, சித்தப்பா தம்புசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் சித்தி ரமணியும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே நலம். தாங்களும் தங்கள் அமைச்சும் நலமாக இருக்க வேண்டும்.

நேற்று டிவியில் நாடாளுமன்றம் பார்த்தேன். அந்த எதிர்க்கட்சி அம்மா எழுந்து, செந்தூல் அடுக்குமாடியில் மாதக்கணக்காக லிஃப்ட் ஓடவில்லையே, மந்திரி என்ன செய்கிறார், முடியாவிட்டால் பதவியை விடட்டும் என்று கேட்டார். நேரில் போய்ப் பார்த்தேன், மக்கள் ஒரு குறையும் சொல்லவில்லை என்று தாங்கள் பதில் சொன்னீர்கள். உடனே எதிர்வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள் பாருங்கள், எனக்கு வயிறு எரிந்துவிட்டது. நாங்கள் குறை சொல்லவில்லை என்பது சத்தியம்தானே அப்பா. தப்பெல்லாம் எங்கள் மேல். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ லிஃப்டைப் பார்க்க வருகிறாய் என்றதும், எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவன் லோகன், நம்ம அங்கிள் வீட்டுப் பிள்ளை மந்திரியாக வருகிறார், சும்மா நிற்க முடியுமா என்று உறுமி மேளத்துக்கே சொல்லிவிட்டான். மழை வருகிற மாதிரி இருந்ததால் மேடையைக் கட்டடத்துக்குக் கீழேயே, லிஃப்டுக்கு முன்னால் போட்டோம். கதவில் ‘ரோசாக்’, பழுது என்று ஒட்டியிருந்த தாள் பழுத்துப்போய் அசிங்கமாகத் தெரிந்தது. லோகன் உன் முகம் போட்ட பேனரை அதன்மேல் இழுத்துக் கட்டினான், கதவு இருந்த இடமே தெரியவில்லை. வந்ததும் நீ லிஃப்ட் எங்கே என்றுதான் கேட்டாய், என் காதில் விழுந்தது. அதற்குள் இராஜம்மா மாலையைப் போட, அடுத்தவர் பொன்னாடை போர்த்த, மாடிக்கு ஒருவராக வரிசை கட்டிவிட்டார்கள், உனக்குக் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அப்புறம் மைக்கைப் பிடித்து, குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் என்றாய். வந்த பிள்ளை இன்னும் கை நனைக்கவில்லை, அதற்குள் குறை சொல்வதா? ஒண்ணும் இல்ல டத்தோ, எல்லாம் ஓகே லா என்று கோரஸாகச் சொன்னோம். அரிசி மூட்டையோடு எட்டு மாடி ஏறி மூச்சு வாங்கும் இராஜம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். பிரியாணி சாப்பிட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம். நீ சாப்பிடாமலே கிளம்பிவிட்டாய்.

சித்தி எங்கே என்று கேட்டாய், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன். எங்கே போவாள்? பதினோராம் மாடி சன்னலோரம் உட்கார்ந்து உன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் நாளில் லோகனும் இன்னும் மூன்று பேரும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துப் படியில் இறக்குகிறார்கள். போன வாரம் ஒருவனுக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்துவிட்டது, கம்பியைப் பிடித்துத் தப்பித்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த முறை போகவே மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது காலெல்லாம் வீங்கியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. இருந்தாலும் நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வாயைத் திறக்காத சனத்துக்கு மந்திரி என்ன பதில் சொல்ல முடியும்? பதவியை விடு என்று அந்த அம்மா சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதே.

தங்கள் உடம்பும் பதவியும் ஆட்டமில்லாமல் நிற்கப் பத்துமலையான் துணையிருக்கட்டும்.

அன்புச் சித்தப்பா,
தம்புசாமி

பி.கு.: சித்தி இதை வாங்கிப் படித்துவிட்டாள். “மால போட்டது நம்ம பிள்ளைக்கு. லிஃப்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது மந்திரி. பாக்காத லிஃப்ட்டப் பாத்தேன்னு சொன்னது நாமளா, அவனா?” என்கிறாள். ஆகவே மேலே மன்னித்ததை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அசல் கடிதம் அந்த எதிர்க்கட்சி அம்மாவுக்கு, லோகன் கொண்டுபோய்விட்டான். உனக்கு வந்திருப்பது நகல். நாளைக்குச் சபையில் படிப்பாராம். நானும் சித்தியும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். நல்ல பதிலாகச் சொல்லு, சாமி.