ஆம்பூர் குடும்பத் தலைவரின் முறையீடு

ஆம்பூர்,
ஜூலை மாதம்.

அணைக்கட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் முத்துக்குமார் அவர்களுக்கு, உங்கள் தங்கை நந்தினியின் கணவன் சம்பந்தம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் நலம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் உங்கள் கரும்பும் நலமாக இருக்க வேண்டும்.

மச்சான், நீங்கள் உடனே புறப்பட்டு வந்து நந்தினியிடம் பேச வேண்டும். அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் வருமான வரிக்கென்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் 'உங்களைச் சார்ந்திருப்போர்' என்ற இடத்தில் முதலில் மகள் நித்யஸ்ரீ பெயரையும் அதற்குக் கீழே என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள். மனை வியாபாரம் செய்கிறவன் நான். இந்த வருஷம் ஒரு மனையும் படியவில்லை, போன வருஷமும் அப்படித்தான், அதற்காக விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கிறவனை இப்படி எழுதலாமா? கேட்டதற்கு, "பின்ன இன்னான்னு எழுதறது? நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

நானும் விடவில்லை. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஆடிட்டர் வாஹித் பாஷாவிடம் போய், குடும்பத் தலைவன் நான், இந்துக் கூட்டுக் குடும்பம் என்று போட்டு என் தலைமையில் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள் என்றேன். அவர் கார்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தலைவர் என்று நந்தினி படம் இருந்தது. எத்தனை வருஷமாக அதைக் காட்டி அரிசி வாங்குகிறேன், கவனித்ததே இல்லை. "பேஜார் ஆவாதீங்க அண்ணே. அவங்க சம்பளம் அவங்களுது. தனி நபராத்தான் போடணும்" என்றார். சரி, சார்ந்திருப்பவனாகவே இருந்து தொலைக்கிறேன், அதற்காவது எவ்வளவு வரி குறையும் என்று கேட்டேன். கார்டை என் கையில் கொடுத்தார். "புருஷனுக்குச் சோறு போடறதுக்கெல்லாம் சட்டத்துல கழிவு இல்லண்ணே. உங்களுக்குக் கட்டற மருத்துவ இன்சூரன்ஸுக்கு மட்டும் உண்டு, அதுவும் பழைய வரி முறையில போட்டாத்தான். அவங்களுக்குப் புது முறையிலதான் வரி கம்மி. அதுல நீங்க வரவே மாட்டீங்க."

சார்ந்திருப்பவன் என்று எழுதினாளே என்று சண்டைக்குப் போனவனை, அதற்குக்கூட லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள் மச்சான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய முறையில் போட்டு என்னைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலையிலிருந்து குடிக்கவில்லை. டீ குடித்தேன், அது வெளியே. அவள் பையை மாட்டிக்கொண்டு ஆடிட்டரிடம் போயிருக்கிறாள். என்ன செய்யப் போகிறாளோ தெரியவில்லை. நீங்கள் வந்து நாலு வார்த்தை சொன்னால்தான் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், அவரவர் வரியை அவரவரே கட்ட என் ஆசிகள்.

இப்படிக்கு,
சம்பந்தம்,
குடும்பத் தலைவர்
(கார்டில் திருத்தம் வரவிருக்கிறது).

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். நந்தினி வந்துவிட்டாள். "பழைய முறையிலயே போடச் சொல்லிட்டேன். வரி ஜாஸ்திதான், போனாப் போவுது. உங்கள விட்டுட்டு எனக்கு இன்னா கணக்கு?" என்றாள். உடனே தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அதோடு விட்டிருக்கலாம், எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்டேன். கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் ஆடிட்டரிடம் ஓடி, புது முறைக்கே மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது சட்டப்படி நான் எங்கேயும் இல்லை. ஆனால் அவ்வளவு வரியை மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் நான்தானே மச்சான்? அதை இந்த வருஷத்து என் வருமானமாகக் காட்டலாமா என்று வாஹித் பாஷாவைக் கேட்டிருக்கிறேன்.