பெஞ்சமின் முழு மதிப்பெண் வாங்கிய விபரீதம்

படாளம்,
புதன்கிழமை மாலை.

அன்புக்குரிய ஹெலன் அத்தைக்கு, ஷாரோன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. அணுபுரத்தில் நீங்களும் மாமாவும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். நடந்ததை நடந்தபடியே, எனக்குச் சாதகமாக எதையும் திருத்தாமல் பதிவு செய்யப் போகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால் எழுதி, அப்பா போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

தம்பி பெஞ்சமினுக்கு மூன்று வயதாகியும் "அம்மா", "தா" இரண்டுக்கு மேல் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். போன வியாழக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் அங்கன்வாடிக்கு வந்தார்கள். குழந்தை மருத்துவர் விஷாகா, கணினித் துறை ஆதித்யா சார், உளவியல் படித்த ஓர் அக்கா. ஒரு குழந்தை ஏன் பேசவில்லை என்பதை ஒரே துறையால் கண்டுபிடிக்க முடியாதாம், அதனால் சேர்ந்தே வருகிறார்களாம். பின்தங்கிய குழந்தைகளுக்கு ஒரு வருடம் பேச்சுப் பயிற்சி. வாசலுக்கே வேன் வந்து செங்கல்பட்டுக்கு அழைத்துப்போகும். இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேனே தவிர யோசிக்கவில்லை. வகுப்பில் முதலிடம் வாங்குகிறவளின் தம்பி பின்தங்கியவன் என்று பெயர் வாங்குவதா என்று ரோஷம் வந்துவிட்டது.

டேப்லெட்டில் நான்கு மூலையிலும் நான்கு படங்கள் தெரியும். "பூனை எங்கே?" என்று அது கேட்கும், குழந்தை தொட வேண்டும். மொத்தம் ஆறு கேள்வி. பக்கத்து வீட்டு வைஷாலி, ஐந்து வயது, அன்றைக்கே முடித்துவிட்டாள். பெஞ்சமினின் முறை செவ்வாய்க்கிழமைதான். வினாத்தாள் வெளியாவது தேசத்துரோகம் என்று பேச்சுப் போட்டியில் முழங்கிக் கோப்பை வாங்கிய நான், ஒரு குச்சி ஐஸ் கொடுத்து அவளிடம் விடைகளைக் கேட்டேன்.

"மேல இந்தாண்ட, கீழ அந்தாண்ட... இன்னொரு ஐஸ் குட்த்தாத்தான் மீதி சொல்வேன்" என்றாள். கொடுத்தேன்.

ஞாயிறு ஆராதனை நேரம் போக நான்கு நாளும் சிலேட்டில் கட்டம் போட்டு, மூலைகளை வரிசையாகத் தொடப் பெஞ்சமினைப் பழக்கினேன். சரியாகத் தொட்டால் கடலை மிட்டாய். பூனை எது, குடை எது என்று சொல்லிக்கொடுத்தேனா? இல்லை. நான் வரலாறு படிக்கிற முறையும் அதுதான்.

நேற்று அவன் ஆறையும் சரியாகத் தொட்டான். விஷாகா டாக்டர் கைதட்டி, "நல்லாப் புரிஞ்சுக்கிறாம்மா. பேச்சு தானா வந்துடும், பயிற்சி தேவையில்ல" என்றார். பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா முகம் வாடிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இன்னாடி பண்ணி வச்சிகீற? வேனு வரும்னு நான் கம்பெனில கெஞ்சி ஷிப்ட மாத்திகினேனேடி! இப்ப டாக்டரம்மாகிட்ட எந்த மூஞ்ச வச்சிகினு சொல்றது?" என்றார் அம்மா.

"எங்க வம்சத்துல எவனும் மொதத் தடவையே பாஸானதில்ல. இவன் மூணு வயசுல ஆய்ட்டான்" என்று சிரித்த அப்பா, பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டார்.

பெஞ்சமின் வந்து என் பாவாடையில் ஆறு இடத்தைத் தொட்டு, "தா" என்று மிட்டாய்க்குக் கை நீட்டினான். அத்தை, அவனுக்குப் பூனை எதுவென்று இன்னும் தெரியாது.

நாளை அந்தக் குழு உங்கள் ஊருக்கு அருகே, மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களுக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை பட்டியலை முடித்துவிடுவார்கள். நீங்கள் நர்ஸ், உங்கள் பேச்சை டாக்டர் கேட்பார். நேரில் போய், குற்றவாளி குழந்தையில்லை, அக்காதான் என்று சொல்லுங்கள். என் பள்ளியின் பெயர் மட்டும் வேண்டாம்.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். ஜெபத்தில் பெஞ்சமினை முதலிலும், இடமிருந்தால் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேலாவது கீழ்ப்படியும் மருமகள்,
ஷாரோன்,
ஒன்பதாம் வகுப்பு, 'அ' பிரிவு.

பி.கு.: அத்தை, நீங்கள் போக வேண்டாம். படம் பிடிக்கப் போனை எடுத்தபோதே விஷாகா டாக்டர் கூப்பிட்டுவிட்டார். டேப்லெட்டில் பதிவான நேரத்தைப் பார்த்தால், அது கேள்வி கேட்பதற்கு முன்பே பெஞ்சமின் விடையைத் தொட்டிருக்கிறானாம். கருவி கெட்டுவிட்டது என்று டாக்டரும், டாக்டர் போட்ட மதிப்பெண்தான் தப்பு என்று ஆதித்யா சாரும் சுங்கச்சாவடி வரை சண்டை போட்டார்களாம். பின் சீட்டிலிருந்த உளவியல் அக்கா, "அந்த வீட்ல நல்லாப் படிக்கிற பொண்ணு யாராவது இருக்காளா?" என்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை பெஞ்சமினுக்கு மறுசோதனை, அதுவரை பட்டியலில் ஓர் இடம் காலியாக இருக்கும். வீட்டில் யாரும் எதையும் சொல்லித்தரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சரி, கேள்வி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க மட்டுமாவது பழக்கலாம் என்று அவனை எதிரே உட்காரவைத்தேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.