முதலாளி பெயரில் போன மீன் குழம்பு

சொந்த ஊரில் மானம் போவதில் ஒரு வசதி உண்டு, வீட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

இரண்டாயிரமாவது ஆண்டு. பெங்களூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. (தலைக்கனம் மட்டும் நிரந்தரமாகியிருந்தது.) கோலார் தங்கவயலில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்காக நாங்கள் எழுதிய புரோகிராம், அவர்களுடைய மெயில் சர்வர் வழியாகவே சப்ளையர்களுக்கு மெயில் அனுப்ப வேண்டும். அதே ஊரின் ஆண்டர்சன்பேட்டைப் பெண்தானே என்று அதைப் பொருத்த என்னை அனுப்பினார்கள்.

சோதனைக்கு ஏதாவது எழுத வேண்டுமே. நல்ல பசி. ‘இன்னிக்கு மீன் குழம்பு வெச்சிடு, சீக்கிரம் வந்துடறேன்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினேன். என் முகவரிக்குத்தான் போகிறது என்று நினைப்பு. போனதோ எல்லா சப்ளையர்களுக்குமான பொது முகவரிக்கு, அதுவும் அந்தக் கம்பெனி முதலாளியின் பெயரில்.

அதோடு நிற்கவில்லை. டெலிபோன் லைனில் ஓடிய அந்த சர்வர் பதில் சொல்லத் தாமதித்தது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்த மேதை நான். அது சொன்ன பேச்சைக் கேட்டது. அனுப்பிக்கொண்டே இருந்தது.

போன்கள் அலறின. ஓசூர்க்காரர், முதலாளிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார். வேலூர்க்காரர் தங்கள் வீட்டில் சைவம் என்று மரியாதையாகத் தெரிவித்தார். முதலாளி அறையைவிட்டு வெளியே வந்தார். ஒரு பெரிய ஆர்டருக்கான கொட்டேஷன் மதியத்துக்குள் போயாக வேண்டும், என் மீன் குழம்பு லைனை அடைத்துக்கொண்டிருந்தது. எதை நிறுத்துவது என்று தெரியாமல் அழுதுகொண்டே கீபோர்டைத் தட்டினேன்.

ஆபீஸ் மேனேஜர் அந்தோணி சார் டெலிபோன் ஒயரைப் பிடுங்கினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ வரவழைத்து, “இன்னாம்மா, அழுதுனே வேலை செஞ்சா கீபோர்டு ஷாக் அடிக்கும்” என்றார். புரோகிராமை நிறுத்தி, சர்வரில் காத்திருந்த மெயில்களை எல்லாம் அழித்தேன். ஒயரை மறுபடி செருகியதும் கொட்டேஷன் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

அப்போது பெங்களூரிலிருந்து என் மேலதிகாரி போன் செய்தார். முதலாளி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ரிசீவரை அந்தோணி சாரிடம் நீட்டினார். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன்.

“மெயிலா? ரொம்ப நல்லா போவுது சார்,” என்றார் அந்தோணி சார். “ஒருத்தருக்கும் விட்டுப்போவல.”

முதலாளி சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்குள் போய்விட்டார்.

இன்று வரை இந்தத் தொழிலில்தான் சோறு சாப்பிடுகிறேன் என்றால், அது அந்த ஒரு பதிலால்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தோணி சார் எங்கள் குடும்பத்தை விருந்துக்கு அழைப்பார், போனில் மட்டும். மெயில் போடக் கூடாதா என்று என் கணவர் ஒருமுறை கேட்டதற்கு, “உன் பொண்டாட்டி தொழில் தெரியாதா? ஊரே வந்துடும்பா” என்றாராம்.